உறங்காத கண்ணாடி

"ரெஜின் இறுக்கிப் பிடிச்சிருக்கான், உடைஞ்சிருக்கு. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

"அண்ணே, எனக்கு ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லாண்டாம்."

"அந்த ட்ராப்பு வந்து..."

"சொல்லாண்டாம்னு சொன்னேன்லா மக்ளே. நீ சொன்னா அது எனக்குத் தெரிஞ்சதா ஆயிரும். தெரிஞ்ச பொறவு காலேஜ்காரன் மூஞ்சியப் பாத்து நான் எப்படிப் பேசுவேன்? இப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தச் சொகம் எனக்கு இருந்துட்டுப் போட்டு."

இதைச் சொல்லும்போது குமாரதாஸ் ஷெர்லியைப் பார்க்கவில்லை. பழைய செய்தித்தாள்களைக் கசக்கிக் கசக்கி ஒரு நீளமான மரப்பெட்டிக்குள் அடைத்துக்கொண்டிருந்தார். பெட்டியின் நடுவில் அவள் செய்த கண்ணாடிக் குளிர்விப்பான் கிடந்தது. ஒரு குழாய்க்குள் மூன்று சுருள்கள், ஒன்றுக்குள் ஒன்றாக, எங்கும் ஒன்றையொன்று தொடாமல். நாளை மறுநாள் அந்தப் பெட்டியோடு அவள் நாகர்கோவிலில் மும்பை ரயில் ஏறிப் புனேயில் இறங்க வேண்டும்.

தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் போகிற சாலையில், அரண்மனை பார்க்க வரும் சுற்றுலா வண்டிகள் ஹாரன் அடித்துத் திரும்புகிற வளைவை ஒட்டி இருந்தது குமாரதாஸின் பட்டறை. கல்லூரிச் சோதனைச்சாலைகளுக்கு வேண்டிய, கடையில் கிடைக்காத கண்ணாடிக் கருவிகளைத் தீயில் ஊதிச் செய்கிற இடம். அவரை விட்டால் அங்கே வேலை செய்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ஷெர்லி, தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக் கடற்கரைக்காரி. இன்னொருவன் ரெஜின், சிதறால்காரன். இப்போது மூன்று வாரமாக ரெஜினின் மேசை காலியாகக் கிடக்கிறது. அவன் போட்டுக்கொள்ளும் ஊதா நிற மூக்குக்கண்ணாடி மட்டும் பர்னர்மேல் தொங்குகிறது. தீயின் மஞ்சள் வெளிச்சத்தை மறைத்து, உருகும் கண்ணாடியை மட்டும் காட்டுகிற கண்ணாடி அது. அதை எடுத்து வைக்க இருவருக்கும் கை வரவில்லை.

"ரெஜினப் பாக்கப் போறியா?" என்று குமாரதாஸ் கேட்டார்.

"இன்னைக்குச் சாயங்காலம் போறேன்."

"பாத்துட்டு வா. வேலையப் பத்திக் கேட்டாம்னா, அண்ணன் யோசிக்காருன்னு சொல்லு."

"யோசிக்கியளா?"

குமாரதாஸ் பெட்டியின் மூடியை எடுத்துப் பொருத்தினார். "ஒத்தக் கண்ண வச்சிட்டு ரெண்டு குழாய எப்படி மக்ளே நேருக்கு நேர் முட்டிப்பான்?"

புனேயில் ஆண்டுக்கொருமுறை கண்ணாடி ஊதுகிறவர்கள் கூடுகிறார்கள். நாடெங்கும் இருந்து ஆராய்ச்சிக்கூடங்களில் வேலை பார்க்கிறவர்களும், இவர்களைப்போல் சின்னப் பட்டறைக்காரர்களும் வருவார்கள். முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள் அங்கே வருவது குறைந்துபோனதால், கண்ணாடிக் குழாய் செய்கிற ஒரு கம்பெனி ஒவ்வோர் ஆண்டும் சில இளம் ஆட்களின் பயணத்தையும் தங்குமிடத்தையும் ஏற்றுக்கொண்டது. அதில் ஒருவரைத் தேர்ந்து ஆறு மாதம் ஜெர்மனியில் ஒரு பட்டறைக்கு அனுப்புவார்கள். இந்த ஆண்டு குமாரதாஸ் இரண்டு பேரும் செய்த கருவிகளின் படங்களை அனுப்பினார். வந்த பதிலில் ஷெர்லியின் பெயர் மட்டும் இருந்தது. அன்றைக்கு ரெஜின் சாயாக்கடையில் எல்லாருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தான். "நான் வெளுத்துப் போன பொறவு ஜெர்மனிக்குப் போவேன். இப்பப் போனா அவன் என்னய மெழுகுவத்தின்னு நெனச்சுப் பத்த வச்சிருவான்" என்றான். அவன் நல்ல கறுப்பு. அந்த நகைச்சுவையின் தலையும் வாலும் யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் எல்லாரும் சிரித்தார்கள்.

ஷெர்லிக்கு அந்தப் பயணம் வெறும் பயணம் இல்லை. அவள் அம்மா கிரேசி ஒரு துபாய் எலெக்ட்ரீசியனின் போட்டோவை மாதாவின் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு அவன் லீவில் வருகிறான். "புனே போய்ட்டு வா. ஜெர்மனி கிடைச்சா பொறவு பேசிக்கிடலாம். கிடைக்கலைன்னா வாயத் தொறக்கப்பிடாது" என்பது வீட்டில் ஆன முடிவு. அப்பா ததேயுஸ் கடலுக்குப் போகிற ஆள். அவர் எதற்கும் முடிவு சொல்வதில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போனால் சம்மதம் என்று அர்த்தம். அன்றைக்குத் தட்டைக் கழுவி வைத்தார்.

கரண்டு ஒரு மணி நேரம் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இல்லாத ஆண்டு அது. தமிழ்நாடு முழுக்க அப்படித்தான். மாவு ஆட்டுகிறவர்களுக்கு அது எரிச்சல். கண்ணாடி ஊதுகிறவர்களுக்கோ பிழைப்பே ஆட்டம் கண்டது. தீயில் உருகி ஒட்டிய கண்ணாடி, மேலே ஆறினாலும் உள்ளே ஆறுவதில்லை. ஒட்டிய இடத்தில் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதை மின்சார அடுப்புக்குள் வைத்து, சூட்டை மெதுவாக ஏற்றி, இன்னும் மெதுவாக இறக்கினால்தான் அந்த இழுபறி அடங்கும். ஒரு பகலும் ஒரு இரவும் ஆகிற வேலை. குமாரதாஸின் பட்டறையில் அதற்கு உறங்கப் போடுவது என்று பெயர். உறங்கி எழுந்த கண்ணாடியை, இரண்டு கறுப்புத் தகடுகளுக்கு நடுவே பல்பு எரிகிற ஒரு பெட்டியில் பிடித்துப் பார்ப்பார்கள். எல்லாம் இருட்டாகத் தெரிந்தால் நல்லது. எங்காவது மயில் கழுத்து நிறம் தெரிந்தால் அங்கே இழுபறி இருக்கிறது. அழகாக இருந்தால் ஆபத்து. சரியாக இருந்தால், பார்த்தவரே ஒரு பச்சை ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிடுவார். வடசேரிச் சந்தையில் அட்டை அட்டையாக வாங்கி வைத்திருந்தார்கள். பச்சைப் பொட்டு இல்லாத எதையும் ரெஜின் கையாலும் தொடமாட்டான். பச்சைப் பொட்டு இருந்தால் மறுபடி பார்க்கவும் மாட்டான். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்ப்பது அந்தப் பட்டறையில் மரியாதைக் குறைவு.

கரண்டை நம்பி அடுப்பை மூட்ட முடியாமல் போனபோது குமாரதாஸ் மைக்செட்காரரின் ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்தார். அதுவும் கோயில் கொடையோ சர்ச் திருவிழாவோ இல்லாத நாளில்தான் கிடைக்கும். அப்படிக் கிடைத்த ஒரு நாளில் அடுப்புக்குள் இரண்டு உருப்படிகள் போக வேண்டியிருந்தது. ஒன்று ஷெர்லியின் குளிர்விப்பான். மற்றது நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரிக்கு அவள் செய்த ட்ராப்பு: காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் வருகிற ஆவியைப் பிடிக்க, திரவ நைட்ரஜனில் முக்கி வைக்கிற ஒரு குடுவை. குளிர்விப்பான் நீளம். ட்ராப்பு குண்டு. இரண்டையும் சேர்த்து அடுப்புக்கதவு மூடவில்லை.

மூடாத கதவின் முன்னால் அவள் நின்ற நேரம் மிகக் கொஞ்சம். குமாரதாஸ் மைக்செட்காரரோடு வெளியே டீசலைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ரெஜின் வரவில்லை. அவள் ட்ராப்பை வெளியே எடுத்தாள். ஆக்ஸிஜனைக் குறைத்து மஞ்சள் தீயில் அதைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, புகை படிந்து கறுத்ததும் பஞ்சில் பொதிந்து வைத்தாள். கையால் உறங்கப் போடுவது அது. சின்னச் சாமான்களுக்கு எல்லாப் பட்டறையிலும் செய்வதுதான். ட்ராப்பு சின்னச் சாமான் இல்லை. உள்குழாய் வெளிக்குழாயோடு வளையமாக ஒட்டுகிற இடம் ஒன்று அதில் உண்டு. எந்தக் கண்ணாடிக்கும் அதைவிடப் பொல்லாத இடம் கிடையாது.

மறுநாள் கரியைத் துடைத்துப் பெட்டியில் பிடித்தாள். வளையத்தைச் சுற்றி ஒரு நீலம். நகக்கீறல் அளவு. திருப்பினால் மறைந்தது. மறுபடி திருப்பினால் வந்தது. ஜெனரேட்டர் இனி என்று கிடைக்குமோ தெரியாது. கல்லூரிக்குத் திருவனந்தபுரத்திலிருந்து நைட்ரஜன் வந்துவிட்டது, அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், அவர்கள் காலையிலிருந்து நாலு தடவை போன் செய்துவிட்டார்கள். இதைவிட மோசமான நீலத்தோடு எத்தனையோ சாமான்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த முறை அடுப்பு மூட்டும்போது திருப்பி வாங்கி உறங்கப் போட்டுவிடலாம் என்றும் நினைத்தாள். அட்டையிலிருந்து ஒரு பச்சைப் பொட்டை உரித்து ஒட்டினாள்.

ரெஜின் வந்ததும் முதலில் குளிர்விப்பானைத்தான் எடுத்துப் பெட்டியில் பிடித்தான். அவள் புனேக்குக் கொண்டுபோகச் செய்தது, அதனால் அது மரியாதைக் குறைவு ஆகாது. நுனி முதல் நுனி வரை ஒரே இருட்டு. "கொள்ளாம்ட்டி. ராத்திரி கடல் மாதிரி கெடக்கு" என்றான். பிறகு ட்ராப்பைச் சாக்கில் சுற்றி வண்டியில் முன்னால் வைத்தான். அவள் வாசல்வரை வந்தாள்.

"லே ரெஜினே."

"என்ன?"

"பாத்துப் போ. பையப் பைய மாட்டு."

"ஓ, ஜெர்மன்காரி சொன்னாச் சரிதான்" என்று வண்டியை மிதித்தான். அந்த நீலத்தைப் பற்றிச் சொல்ல அவளுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.

கல்லூரியில் அவன் ட்ராப்பைத் தாங்கியில் மாட்டி, அதைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கிளாம்பை முடுக்கி, பம்பை ஓடவிட்டான். நைட்ரஜன் குடுவையைக் கீழிருந்து மெல்ல உயர்த்தி, வளையம் சரியாக முங்குகிறதா என்று குனிந்து பார்த்தான். அப்போது வெடித்தது. வலது கண் தப்பியது. இடது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

சிதறி விழுந்த கண்ணாடியைக் கூட்டி அள்ளியவர்கள் குப்பையில் போட்டுவிட்டார்கள். பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. யார் பிழை என்று கல்லூரியில் கேட்டபோது குமாரதாஸ் கிளாம்பைக் கைகாட்டினார். கண்ணாடியை இரும்பில் அளவுக்கு மீறி முடுக்கினால் உடையும், அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பட்டறையின் பெயர் தப்பியது. ரெஜின் அவசரக்காரன் ஆனான்.

பெட்டி கட்டிய அன்று மதியம் ஷெர்லியின் போன் அடித்தது. கண்ணாடி ஊதுகிறவர்கள் சங்கத்தின் செயலாளர் பூதலிங்கம். பெங்களூரில் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் சுசீந்திரம். நம்ம ஊர்ப் பிள்ளை என்று அவள்மேல் தனிப் பிரியம்.

"பிள்ளே, எல்லாவனும் தலைப்பு தந்தாச்சு. நீ மட்டும் பாக்கி. உடைஞ்ச கதை என்ன சொல்லப் போற?"

அந்தக் கூட்டத்தில் அப்படி ஒரு வழக்கம். கம்பெனி உதவியில் வருகிற இளம் ஆட்கள், முதல் நாள் காலை, மேடையேறிப் பத்து நிமிடம் பேச வேண்டும். சாதனை எதையும் சொல்லக்கூடாது. என்ன உடைந்தது, ஏன் உடைந்தது, இரண்டே கேள்வி. அதில் உண்மையாகப் பேசுகிறவர்களைத்தான் ஜெர்மனிக்காரர்கள் கவனிப்பார்கள் என்று பேச்சு.

"யோசிச்சிட்டு இருக்கேன் சார்."

"பெருசாப் பாத்துச் சொல்லு. சின்ன உடைப்பச் சொன்னா கூட்டம் கொட்டாவி விடும். பொறவு, ஒங்க பட்டறைப் பையன் எப்படி இருக்கான்? குமாரதாஸ் சொன்னான். கேக்கவே சங்கடமா இருந்துச்சு. கொஞ்சம் அவசரக்காரனோ?"

"இல்ல சார். அவசரக்காரன் இல்ல."

"பின்ன?"

அவர் சற்றுநேரம் காத்திருந்தார். கண்ணாடிக்காரர்களுக்குக் காத்திருக்கத் தெரியும். பிறகு, "சரி, நாளைக்குள்ள சொல்லு" என்று வைத்துவிட்டார்.

மார்த்தாண்டம் போய்ச் சிதறால் பஸ் பிடித்தாள். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் ஏறினாள். அண்ணன் கேட்க மறுத்தால் என்ன, கேட்க வேண்டியவன் ரெஜின் இல்லையா? ரப்பர்த் தோட்டங்கள் ஜன்னலை உரசிக்கொண்டு போயின. பால் வெட்டிய மரங்களில் சிரட்டைகள் கட்டியிருந்தன. முதல் வாக்கியத்தை அவள் பல விதமாகச் சொல்லிப் பார்த்தாள். 'லே, பிழை உனக்கில்ல.' 'லே, அது உறங்கல.' 'லே, நான் பாத்தேன்.' மூன்றாவதுதான் சரி. மற்ற இரண்டிலும் தப்பிக்க வழி இருந்தது. சொன்னால் ரயில் இல்லை, ஜெர்மனி இல்லை, இனி எந்தப் பட்டறையும் அவளை வாசலில் ஏற்றாது. கிறிஸ்துமஸுக்கு வருகிறவன் வருவான். அதையும் எண்ணித்தான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தாள்.

சமண மலைக்குப் போகிற பாதை பிரிகிற இடத்திலிருந்து கீழே இறங்கினால் ரெஜினின் வீடு. அவன் அம்மா நேசபாய் முற்றத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா மோளே. நீயாவது வந்தியே. ஒங்க அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்ததோட சரி." அவள் குரல் தாழ்ந்தது. "காலேஜ்ல ஒரு நயாபைசா தரமாட்டாங்களாம். இவன் தப்பு, அவங்க தப்பு இல்லன்னு சொல்லிட்டாங்க. சர்ச்சுல கூட ஒருத்தி கேக்கா, ஒம் மவன் ஏன் அப்பிடி முரடன் மாதிரி முறுக்குனான்னு. முட்டையக் கூட பையத்தான் உடைப்பான் மோளே, எம் பிள்ள."

"அம்மா, அவளப் போட்டு அறுக்காதீங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏட்டி, வா. வலப்பக்கமா வா. இடப்பக்கம் வந்தா ஒனக்கு டிக்கெட் கிடையாது."

அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். இடது கண்ணில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது. கன்னத்தில் சின்னச் சின்னத் தழும்புகள், யாரோ மிளகைத் தூவியதுபோல. அவள் வலப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நேசபாய் சாயா கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனாள்.

"பெட்டி கட்டியாச்சா?"

"அண்ணன் கட்டிட்டாரு."

"நடுவுல தெர்மகோல் வச்சாரா? வெறும் பேப்பர்னா ரயில் குலுக்கலுக்கு நிக்காது." அவன் கை சாயா டம்ளருக்கு நீண்டது. டம்ளருக்கு இரண்டு விரல் தள்ளிக் காற்றைப் பிடித்தது. அவன் சிரித்தான். "பாத்தியா? எல்லாம் படம் மாதிரி தெரியுது. சுவத்துல ஒட்டுன படம். எது பக்கத்துல, எது தூரம்னு தெரியல. நேத்து ரெண்டு பேனாவ எடுத்து முனையும் முனையும் முட்டிப் பாத்தேன். பதினஞ்சு இருவது தடவ முட்டிருப்பேன். ஒண்ணு கூட முட்டல."

"லே ரெஜினே."

"அழாதட்டி. அழுதா நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

"நான் அழல. ஒண்ணு சொல்லணும். அந்த ட்ராப்ப நான் செய்யும்போது..."

"ட்ராப்புல ஒரு குத்தமும் இல்ல" என்று அவன் சட்டென்று மறித்தான். அதை அவன் பலமுறை யோசித்து முடித்திருந்தது குரலில் தெரிந்தது. "நீ அதப் போட்டு மனசுல வச்சிட்டு இருக்கியா? கிறுக்கி. பச்சப் பொட்ட நான் பாத்தேன்லா. பொட்டு இருந்துச்சுன்னா கண்ணாடி சரி. கண்ணாடி சரின்னா கை தப்பு. வேற என்ன இருக்கு? மூணு வாரமா இதத்தான் யோசிக்கேன். நான் பைய முடுக்குனதாத்தான் ஞாபகம். ஒரு திருப்பு, அரைத் திருப்பு, அவ்வளவுதான். ஆனா அப்பிடி இருக்க முடியாதுல்லா. ஞாபகம் பொய் சொல்லுது. இப்பல்லாம் சொப்பனத்துல அந்தத் திருகு சுத்திக்கிட்டே இருக்கு, கேட்டியா, நிக்கவே மாட்டேங்கு."

ஷெர்லி வாயைத் திறந்தாள். மூன்றாவது வாக்கியம் தொண்டைவரை வந்திருந்தது. அதற்குள் அவன் தலையணைக்கு அடியிலிருந்து எதையோ துழாவி எடுத்தான். அவனுடைய போன். திரையைக் கண்ணுக்கு மிக அருகே கொண்டுபோய், ஒரு படத்தைத் தேடி எடுத்து, அவள் பக்கம் நீட்டினான். பஞ்சு இல்லாமல் எடுத்த படம். மூடிய இமை உள்ளே அமுங்கியிருந்தது.

"அம்மைக்குத் தெரியாம எடுத்தேன். நல்லாப் பாரு, முகத்தத் திருப்பாத." அவன் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. அதைவிடக் கொடுமையாக, ஒரு உற்சாகம் இருந்தது. மூன்று வாரத்தில் அவனுக்கு முதன்முதலாகக் கிடைத்த ஒரு வேலையைப் பற்றிப் பேசுகிறவனின் உற்சாகம். "பூதலிங்கம் சார் மத்தியானம் எனக்கும் போன் பண்ணுனாரு, ஒடம்பு எப்படி இருக்குன்னு. ஒனக்கு இன்னும் உடைஞ்ச கதை கிடைக்கலன்னாரு. நான் சொன்னேன், கிடைச்சிரும் சார்னு. என்னயச் சொல்லுட்டி. என் பேரு, ஊரு எல்லாம் சொல்லு. இந்தப் போட்டோவ அங்க திரையில பெருசாப் போடு. ட்ராப்பு நல்ல ட்ராப்பு, செஞ்சது நீதான்னு சொல்லு, முடுக்குனவன் மடையன்னு சொல்லு. சின்னப் பிள்ளைங்களும் வருமாம்லா அங்க. அதுல ஒருத்தனாவது கிளாம்புல கை வைக்கும்போது என் மூஞ்ச நெனச்சான்னா, நான் சும்மா போகலைன்னு இருக்கும். நான் போக முடியாது. நீ போற."

முற்றத்தில் நேசபாய் ஷீட்டை உதறுகிற சத்தம் கேட்டது. அவன் வலது கண்ணால் அவள் முகம் எங்கே இருக்கிறது என்று அளந்து, கையை நீட்டி, இந்தத் தடவை தவறாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்காக இது மட்டும் செய்யிட்டி, ஷெர்லி. பத்து நிமிசமும் என்னயப் பத்தியே பேசு."